பிரித்த பாக்கெட்டின் விலை யாருக்குத் தெரியும்?

டாக்டர் கத்தியை எடுப்பதற்கு முன்பே ஆபரேஷன் தியேட்டரில் செலவு ஓட ஆரம்பித்துவிடும். நர்ஸ் கையில் ஒரு பட்டியல் இருக்கும். அதைப் பார்த்துக் கையுறை, தையல் நூல், பஞ்சு, ஸ்டேப்ளர், ரத்தக்கசிவை நிறுத்தும் பொருள் என்று ஒவ்வொரு பாக்கெட்டாகப் பிரித்து மேசையில் பரப்புவார். எந்த டாக்டருக்கு எந்த ஆபரேஷனில் என்னென்ன வேண்டும் என்று சொல்லும் இந்தப் பட்டியலை அமெரிக்க மருத்துவமனைகளில் 'பிரிஃபரன்ஸ் கார்டு' என்கிறார்கள். இந்தக் கார்டில் ஒரு பொருளைச் சேர்ப்பது சுலபம், நீக்கத்தான் யாரும் முன்வருவதில்லை. என்றோ ஒரு சிக்கலான கேஸில் கேட்ட நூல், பல வருடம் கழித்தும் அந்த டாக்டர் தியேட்டருக்குள் வரும்போதெல்லாம் தயாராக இருக்கும்.

கிருமி நீக்கிய பாக்கெட்டைப் பிரித்துவிட்டால் கதை முடிந்தது. பந்தியில் இலையில் பரிமாறிய பதார்த்தம் மாதிரிதான். தொட்டாலும் தொடாவிட்டாலும் பாத்திரத்துக்குத் திரும்பாது. சான் ஃபிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையில் 58 மூளை, தண்டுவட அறுவை சிகிச்சைகளைக் கூடவே இருந்து கணக்கெடுத்தார்கள். பிரித்தும் பயன்படாமல் குப்பைக்குப் போன பொருட்களின் மதிப்பு, சராசரியாக ஒரு ஆபரேஷனுக்கு 653 டாலர். அந்த ஆபரேஷன்களுக்கு ஆன பொருள் செலவில் அது சுமார் 13 சதவீதம்.

இதற்கு டாக்டரின் ஊதாரித்தனத்தைக் காரணம் சொல்ல முடியாது. அவருக்கு விலை தெரியாது, அவ்வளவுதான். அமெரிக்காவில் ஏழு பெரிய மருத்துவமனைகளின் எலும்பு மருத்துவர்களிடம், அவர்கள் பொருத்தும் செயற்கை மூட்டு, திருகு, தகடு ஆகியவற்றின் விலையைக் கேட்டு ஓர் ஆய்வு நடந்தது. 20 சதவீதம் முன்னே பின்னே சொன்னாலும் சரி என்றே எடுத்துக்கொண்டார்கள். அப்படியும் மூத்த மருத்துவர்கள் சரியாகச் சொன்னது 21 சதவீதம்தான். பயிற்சி மருத்துவர்கள் 17 சதவீதம். 2014-இல் வெளியான இந்த முடிவை நான் பெரிய அதிசயமாகப் பார்க்கவில்லை. விலையை வெளியே சொல்லக்கூடாது என்று மருத்துவமனையிடம் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கும் உற்பத்தியாளர்கள் அங்கே உண்டு. பிறகு டாக்டருக்கு எப்படித் தெரியும்?

ஆக, பயன்படுத்துகிறவருக்கு விலை தெரியாது. விலை தெரிந்த கொள்முதல் அதிகாரிக்கு அந்தப் பொருள் எதற்கு என்று தெரியாது. எது பிரியாமலே காலாவதி ஆகிறது என்பது ஸ்டோர்கீப்பருக்கு மட்டும் தெரியும். எது பிரிந்து வீணாகிறது என்பது நர்ஸுக்கு மட்டும் தெரியும். இந்தச் செலவைக் குறைக்க மருத்துவமனைகள் குழு அமைப்பதுண்டு. அப்படி அமைப்பது என்றால், சிதறிக் கிடக்கும் இந்த நாலு தகவலையும் ஒரே மேசைக்குக் கொண்டுவருவதுதான். நிர்வாக அதிகாரிகள் மட்டும் கூடிப் பேசினால் அதைக் குழு என்று சொல்லலாம், வேலை நடக்காது.

கையுறையையே எடுத்துக்கொள்ளுங்கள். டெண்டரில் மலிவாக ஒன்று வருகிறது. கொள்முதல் பிரிவு கணக்கில் லாபம். வார்டில் அது போடும்போதே கிழிகிறது. ஒரு ஜோடி போதும் என்கிற இடத்தில் இரண்டு ஜோடி செலவாகிறது. ஒட்டாத பிளாஸ்திரி, ஒரே குத்தில் நரம்புக்குள் ஏறாத ஊசி எல்லாம் இதே ரகம். வாங்கிய விலைக்கும் பயன்படுத்திய விலைக்கும் உள்ள இந்த வித்தியாசம் எந்த பில்லிலும் வராது. குழுவில் நர்ஸ் இருந்து, வாய்திறந்து சொன்னால்தான் உண்டு. என்னைக் கேட்டால், குழுவில் பதவியில் சிறியவர் பேச முடிகிறதா என்பதுதான் முதல் சோதனை.

எங்கே தொடங்குவது என்பதற்கு மருத்துவமனை நிர்வாகத்தில் ஒரு பழைய வழி இருக்கிறது. முதலில் பொருட்களைப் பணத்தை வைத்து ஏ, பி, சி என்று பிரிப்பார்கள். ஸ்டோரில் ஆயிரம் வகைப் பொருள் இருந்தாலும் மொத்தச் செலவில் முக்கால்வாசியை ஒரு நூறு, நூற்றைம்பது வகையே விழுங்கிவிடும். அவைதான் 'ஏ'. அடுத்து, அதே பொருட்களை உயிர் காப்பவை, அவசியமானவை, இருந்தால் நல்லவை என்று இன்னொரு விதமாகப் பிரிப்பார்கள். முதல் பட்டியலைக் கணக்குப் பிள்ளை ஒருவரே கம்ப்யூட்டரில் போட்டுவிடுவார். இரண்டாவதை டாக்டர் இல்லாமல் போட முடியாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது, அதிகம் செலவாகிற, ஆனால் 'இருந்தால் நல்லது' ரகப் பொருட்கள் கண்ணில் படும். குழுவின் முதல் வேலை அங்கேதான். பத்து காசு பஞ்சைப் பற்றி ஒரு மணி நேரம் விவாதிக்கும் கூட்டங்களுக்கு இந்தக் கணக்கு ஒரு நல்ல மருந்து.

மூட்டு மாற்று, இதய ஸ்டென்ட் போன்றவற்றில் கதை வேறு. ஒவ்வொரு டாக்டருக்கும் பழகிய கம்பெனி ஒன்று இருக்கும். ஐந்து கம்பெனிகளிடம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினால் யாரிடமும் பேரம் பேச முடியாது. இரண்டு கம்பெனி போதும் என்று முடிவெடுத்து, மொத்த வாங்கலையும் அவற்றுக்கே தருவதாகச் சொன்னால் விலை இறங்கும். அப்படிச் சொல்ல மருத்துவமனைக்குத் தைரியம் வேண்டுமே! மேலிருந்து உத்தரவாக வந்தால் டாக்டர்கள் முறைத்துக்கொள்வார்கள். அந்தத் துறையில் மதிப்புள்ள ஒரு மூத்த டாக்டரே குழுவுக்குத் தலைமை தாங்கி, சிகிச்சை முடிவுகளைக் காட்டிப் பேசினால் எடுபடும்.

சான் ஃபிரான்சிஸ்கோ மருத்துவமனைக்கே திரும்பலாம். 2015-இல் அங்கே எலும்பு, காது-மூக்கு-தொண்டை, நரம்பியல் துறைகளின் 63 அறுவை சிகிச்சை நிபுணர்களுக்கு மாதாமாதம் ஒரு மதிப்பெண் அட்டை போனது. அவர் செய்த ஒவ்வொரு வகை ஆபரேஷனுக்கும் பொருள் செலவு எவ்வளவு, முன்பு எவ்வளவு என்று அதில் இருந்தது. துறை மொத்தமாக 5 சதவீதம் குறைத்தால் துறைக்கு 50,000 டாலர். அட்டை பெற்ற துறைகளில் ஒரு ஆபரேஷனுக்கான பொருள் செலவு 6.54 சதவீதம் குறைந்தது. அதே வருடம் அட்டை பெறாத துறைகளில் 7.42 சதவீதம் ஏறியது. மிச்சம் 8 லட்சம் டாலருக்கும் மேல். நோயாளிகள் மீண்டும் அனுமதியாவதோ 30 நாளுக்குள் இறப்பதோ இதனால் கூடவில்லை. பரிசுப்பணம் டாக்டரின் பைக்குப் போகாமல் துறைக்குப் போனதை நான் முக்கியமாக நினைக்கிறேன். சிக்கனத்துக்குத் தனி டாக்டருக்குக் காசு கொடுத்தால், நோயாளிக்குச் சந்தேகம் வராதா?

செலவை அதைச் செய்கிறவர் கண்ணில் காட்டுவது நமக்கும் புதிதல்ல. 1994-இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்குப் பாஸ்புக் கொடுத்தது. மருத்துவமனைக்கு ஒதுக்கிய தொகை அதில் இருக்கும். மாவட்டக் கிடங்கிலிருந்து மருந்து எடுக்க எடுக்க, மதிப்பு கழிந்துகொண்டே வரும். மேலே இருப்பவர் அனுப்பியதை வாங்கிக்கொள்ளும் நிலை மாறி, இந்தப் பணத்துக்கு எது வேண்டும் என்று மருத்துவமனையே யோசிக்க வேண்டியதாயிற்று.

எந்த மருத்துவமனையிலும் கிடங்கைத் தாண்டி வார்டுக்குள் வந்தால் வேறொரு கூத்து நடக்கும். கேட்டது முழுசாக வராது என்று பயந்து வார்டு சிஸ்டர் இண்டென்டில், அதாவது ஸ்டோருக்கு அனுப்பும் தேவைப் பட்டியலில், கூடுதலாக எழுதுவார். எப்படியும் கூட்டித்தான் எழுதியிருப்பார்கள் என்று ஸ்டோரில் குறைத்துக் கொடுப்பார்கள். அடுத்த வாரம் சிஸ்டர் இன்னும் கூட்டுவார். வார்டு அலமாரியின் மூலையில் டிரிப் செட்டுகள் தேதி தாண்டிக் கிடக்கும்போது, பக்கத்து வார்டில் அதே டிரிப் செட்டுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருப்பார்கள். இதைத் தீர்க்க மென்பொருள் வாங்கும் முன், சிஸ்டரும் ஸ்டோர்கீப்பரும் வாரம் ஒருமுறை அலமாரியைத் திறந்து சேர்ந்து எண்ணிப் பார்க்கலாம்.