சென்சார் விளக்கு வாங்கப் போகிறீர்களா? வாட்ஸை அப்புறம் பாருங்கள்

வீட்டுக்கு வெளியே, ஆள் வந்தால் தானாக எரியும் சென்சார் விளக்கு மாட்டக் கூப்பிடுகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை வாட்ஸ் போடலாம்?" என்பதுதான். போர்டிகோவுக்கும் பக்கச் சந்துக்கும் 10 வாட்ஸ் எல்.இ.டி. தாராளம். நல்ல சரக்காக இருந்தால் அதுவே சுமார் 1,000 லூமென் வெளிச்சம் தரும். 50 வாட்ஸ் ஃப்ளட் லைட்டை எட்டடி உயரத்தில் தெருவைப் பார்த்து மாட்டினால் கண்தான் கூசும்; வெளிச்சத்துக்கு அந்தப் பக்கம் இருட்டில் நிற்பவர் தெரியவே மாட்டார்.

என்னிடம் புகாராக வருவதில் பாதிக்கு மேல், எரியாத விளக்கைப் பற்றி அல்ல. ஆளே இல்லாமல் எரியும் விளக்கைப் பற்றி. ஒரு வீட்டு அம்மா சொன்னார்: "அது பாட்டுக்கு எரியுது, அணையுது தம்பி. தூக்கமே போச்சு. சுவிட்சையே ஆஃப் பண்ணி வச்சுட்டோம்." போய்ப் பார்த்தேன். சென்சாருக்கு நேர் எதிரே ஏசியின் அவுட்டோர் யூனிட், அதை ஒட்டி ஒரு வாழை. கம்ப்ரசர் ஓடும்போதெல்லாம் சூடான காற்று இலைகளை ஆட்டிக்கொண்டு வந்தது. விளக்கை அடுத்த சுவருக்கு மாற்றியதும் தொல்லை நின்றது. பொய்யாக எரியும் விளக்கை ஒரு வாரத்தில் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அப்புறம் உண்மையிலேயே ஆள் வந்து எரிந்தாலும் அதே கதிதான். என்னைப் பொறுத்தவரை இதுதான் பெரிய ஆபத்து.

வீடுகளில் அதிகம் இருப்பது பி.ஐ.ஆர். சென்சார், அதாவது உடம்புச் சூட்டை வைத்து ஆளைப் பிடிக்கும் வகை. வெள்ளையாக, கட்டம் கட்டமாகத் தெரியும் அந்த மூடிதான் அதன் லென்ஸ். உடம்புச் சூடு ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு நகரும்போதுதான் உள்ளே இருக்கும் சென்சார் விழித்துக்கொள்ளும். அதனால் குறுக்கே நடப்பவரைச் சட்டென்று பிடிக்கும். நேராகச் சென்சாரை நோக்கி வருபவரைத் தாமதமாகத்தான் பிடிக்கும். கேட்டுக்கு நேர் எதிரே மாட்டாதீர்கள். வருகிற ஆள் குறுக்கே கடக்கும்படி பக்கச் சுவரில், 2 முதல் 2.5 மீட்டர் உயரத்தில் மாட்டுங்கள். இன்னொன்று, நம் ஊர்க் கோடை. மே மாதம் தரையும் காம்பவுண்ட் சுவரும் பகல் சூட்டை இரவிலும் விடாது. உடம்புக்கும் தரைக்கும் சூட்டு வித்தியாசம் குறைந்தால் சென்சார் எட்டும் தூரமும் குறையும். அட்டையில் 12 மீட்டர் என்று போட்டிருந்தால் நான் ஏழெட்டு என்றே கணக்கு வைப்பேன்.

ரேடார் அல்லது மைக்ரோவேவ் என்று விற்பது வேறு வகை. அதற்குச் சூடு தேவையில்லை, அசைவு போதும். கண்ணாடி, மரக்கதவு, மெல்லிய சுவர் இவற்றைத் தாண்டியும் பிடிக்கும். தெருவை ஒட்டிய வீட்டில் இதை மாட்டினால், போகிற வருகிற பைக்குக்கெல்லாம் எரியும். மூடிய கார் ஷெட்டுக்கு இது சரி. காம்பவுண்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

கடையில் பெட்டியைப் பிரித்துப் பாருங்கள். எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்ற நேரம், எவ்வளவு இருட்டினால் எரிய வேண்டும் என்ற இருட்டு அளவு, உணர்திறன் மூன்றுக்கும் தனித்தனிக் குமிழ் இருக்க வேண்டும். தூசும் தண்ணீரும் புகாமல் எவ்வளவு தாங்கும் என்று சொல்வது ஐபி எண். மழை நேரடியாகப் படும் இடத்துக்கு ஐபி 65; சன்ஷேடுக்கு அடியில் என்றால் ஐபி 44 போதும். பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். அது இல்லாத சரக்கை விலைக்காக எடுக்காதீர்கள். எந்த ஐபி எண்ணானாலும், வயர் நுழையும் ஓட்டையை அடைக்காமல் விட்டால் எறும்பும் தண்ணீரும் உள்ளே போய்விடும். வயர் கீழிருந்து மேலே ஏறி நுழையட்டும். வெளிச்சத்தின் நிறம் மஞ்சள் சாயலாக, 3,000 கெல்வின் அளவில் இருந்தால் பூச்சி குறையும். பூச்சி குறைந்தால் லென்ஸில் சிலந்தி வலை கட்டுவதும் குறையும்.

வயரிங்கில் ஒன்றை மட்டும் விடாப்பிடியாகக் கேளுங்கள்: சென்சார் ஃபேஸைத்தான் (கரண்ட் வரும் வயரை) துண்டிக்க வேண்டும், நியூட்ரலை (திரும்பும் வயரை) அல்ல. மாற்றிக் கொடுத்தால் அணைந்த எல்.இ.டி.கூட மங்கலாக மினுங்கும். அதைவிட மோசம், அணைந்த விளக்கிலும் கரண்ட் இருக்கும். உலோக பாடி என்றால் எர்த் கட்டாயம். இன்வெர்ட்டர் இருந்தால் இந்த விளக்கை அந்த லைனில் கொடுங்கள்; கரண்ட் போன இரவில்தான் இது அதிகம் தேவைப்படும். கரண்ட் திரும்பியதும் அரை நிமிடம், ஒரு நிமிடம் தானாக எரிந்தால் பயப்பட வேண்டாம், சென்சார் தயாராகிறது.

சோலார் விளக்கு, வயர் போக முடியாத கொல்லைப்புறத்துக்கு மட்டும். ஐப்பசி, கார்த்திகை மேகமூட்டத்தில் பேட்டரி பாதிதான் ஏறும்.

மாட்டிய அன்றே, மாட்ட வந்தவர் போவதற்குள் சோதித்துவிடுங்கள். இருட்டு அளவுக் குமிழைச் சூரியப் படத்துக்கும், நேரத்தைக் குறைந்த அளவுக்கும் வைத்துவிட்டு, கேட்டிலிருந்து, சந்திலிருந்து, பின்சுவர் ஓரமாக என்று எல்லா வழியிலும் நடந்து பாருங்கள். எங்கே எரிகிறது, எங்கே தவறுகிறது என்று தெரிந்ததும் சென்சாரைத் திருப்பிச் சரிசெய்யச் சொல்லுங்கள். முடிந்ததும் குமிழை நிலா பக்கம் திருப்பி, நேரத்தை ஒன்றிரண்டு நிமிடத்துக்கு வையுங்கள்.