சென்சார்: தணிக்கை வேறு, சான்று வேறு

“படம் எப்டி கீது? சென்சார்ல இன்னா குடுத்துகீறாங்க? பசங்கள கூட்டினு போலாமா?” புதுப்படம் வந்த வெள்ளிக்கிழமையில் வேலூர், ஆற்காடு, குடியாத்தம் பக்கம் டீக்கடைகளில் இந்த மூன்றையும் ஒரே மூச்சில் கேட்பார்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரிந்தால் மூன்றாவதற்கும் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. அந்த நம்பிக்கை பாதிதான் சரி. ஒன்பதாவது, பத்தாவது படிக்கும் பிள்ளையைக் கனமான குடும்பக் கதை ஒன்றுக்கு அழைத்துப் போகலாமா என்று யோசிக்கிறவர், ‘சென்சார்’ என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் நல்லது.

பேச்சுத் தமிழில் இந்தச் சொல்லுக்கு மூன்று பொருள் ஓடுகிறது. “சென்சார் பார்த்துட்டாங்க” என்றால் வாரியம். “அந்த சீனை சென்சார்ல தூக்கிட்டாங்க” என்றால் வெட்டு. “சென்சார் என்ன? யுஏ” என்றால் சான்றிதழ். பார்க்கிறவர், செய்கிற வேலை, தருகிற தாள் மூன்றுக்கும் ஒரே பெயர். (செல்போனில் இருக்கும் சென்சார் வேறு சொல், அதற்கு உணரி என்று நல்ல தமிழ் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.)

சொல்லின் வேர் இலத்தீனில் இருக்கிறது. பழைய ரோமில் சென்சோர் என்பது ஒரு பதவி, கி.மு. 443-இல் தொடங்கியதாகச் சொல்வார்கள். இரண்டு பேர் அந்தப் பதவியில் இருப்பார்கள். குடிமக்களை எண்ணுவதும் அவர்களின் சொத்தை மதிப்பிடுவதும்தான் முதல் வேலை. சென்சஸ் என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். அப்புறம் அவர்களிடம் இன்னொரு பொறுப்பும் சேர்ந்தது: ஒழுக்கம் தவறியவர் என்று கருதினால், செனட் உறுப்பினரையே பட்டியலிலிருந்து நீக்கலாம். மதிப்பிடுகிறவர் விலக்குகிறவராகவும் ஆன இடம் அது. நூல்களையும் நாடகங்களையும் பார்த்து அனுமதி தருகிறவருக்கு ஐரோப்பாவில் பின்னாளில் இந்தப் பெயர் வந்ததில் வியப்பில்லை.

தமிழில் இதற்கு நாம் எழுதும் சொல் தணிக்கை. பலர் இதைத் தணி என்ற வினையோடு சேர்த்துப் புரிந்துகொள்கிறார்கள். காரத்தைத் தணிப்பது போலப் படத்தின் சூட்டைத் தணிப்பது தணிக்கை என்று ஆசிரியர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். நம் பக்கத்தில் இப்படி நினைக்கக் கூடுதல் காரணம் உண்டு: திருத்தணிகை. முருகன் சினம் தணிந்த இடம் என்று அந்தப் பெயருக்கு விளக்கம் சொல்வார்கள். ஆனால் தணிகை வேறு, தணிக்கை வேறு. ஒரு ககர ஒற்று மட்டும் நடுவில் வந்து நிற்கவில்லை. இரண்டும் வெவ்வேறு மொழிகளிலிருந்து வந்த சொற்கள்.

தணிக்கை, உருது வழியாக வந்த ‘தன்கீஹ்’. மூலம் அரபு. அங்கே அதன் வேர்ப்பொருள் மரத்தின் கணுவையும் சிம்பையும் சீவிச் செம்மைப்படுத்துவது. பிறகு எழுத்தைத் திருத்துவது. பாரசீகத்திலும் உருதுவிலும் ஆட்சி நடத்தியவர்களிடம் அது விசாரித்துத் தெளிவது, கணக்கைச் சரிபார்ப்பது என்று ஆனது. ஆற்காடு நவாப் காலத்தில் அலுவலக மொழி பாரசீகம். தாலுக்கா, ஜில்லா, தாசில்தார், வசூல், ஜமாபந்தி என்று நாம் அன்றாடம் சொல்லும் அலுவலகச் சொற்கள் அந்த வகை ஆட்சிமொழி விட்டுப்போனவை. இன்றும் ஆண்டுதோறும் தாலுக்கா அலுவலகத்தில் ஜமாபந்தி நடக்கும்போது கிராமக் கணக்குப் பதிவேடுகளைத் தணிக்கை செய்கிறார்கள். சினிமாவுக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்தச் சொல் கணக்குப் புத்தகத்தில் இருந்தது.

ஐயம் இருந்தால் காட்பாடியைத் தாண்டிச் சித்தூர்ச் சாலையில் போய்ப் பார்க்கலாம். 1911 வரை சித்தூரும் வட ஆற்காடு மாவட்டம்தான். அங்கே தெலுங்கில் சோதனைக்குப் பெயர் ‘தனிகீ’. லாரியை நிறுத்திப் பார்த்தாலும் தனிகீ, அதிகாரி பள்ளிக்கு வந்து பதிவேட்டைப் புரட்டினாலும் தனிகீ. கன்னடத்தில் ‘தனிகெ’ என்றால் போலீஸ் விசாரணை. மூன்று மொழியும் ஒரே சொல்லை வாங்கித் தங்கள் நாக்குக்கு ஏற்றபடி வைத்துக்கொண்டன. நாம் ‘ன’வை ‘ண’ ஆக்கி, ஒற்று சேர்த்து, தமிழ்ச் சொல் போலவே ஆக்கிவிட்டோம்.

ஆக, வந்த பொருளில் தணிக்கை என்றால் ஆராய்ந்து சரிபார்த்தல். கத்திரிக்கோல் நம் மனத்தில் சினிமாவால் வந்தது. அரபு வேரில் சீவுதல் இருப்பதால் அந்தப் பொருளும் முழுக்க அந்நியம் இல்லை என்பது எனக்குப் பிடித்த தற்செயல்.

இந்தியாவில் படத்துக்குச் சான்றிதழ் வேண்டும் என்ற சட்டம் 1918-இல் வந்தது. 1920-இல் சென்னை, பம்பாய், கல்கத்தா, ரங்கூனில் வாரியங்கள் அமைந்தன. விடுதலைக்குப் பின் 1951-இல் மத்திய வாரியம், 1952-இல் இன்றைய ஒளிப்பதிவுச் சட்டம். அன்று இரண்டே வகை: எல்லோருக்கும் ‘யு’, பதினெட்டு நிரம்பியவர்களுக்கு ‘ஏ’. 1983-இல், சிறுவர்கள் பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம் என்னும் ‘யுஏ’வும், குறிப்பிட்ட துறையினருக்கான ‘எஸ்’ஸும் சேர்ந்தன. அதே ஆண்டு வாரியத்தின் ஆங்கிலப் பெயரிலிருந்து ‘சென்சார்’ என்ற சொல்லையே எடுத்துவிட்டு, சான்றளிக்கும் வாரியம் என்று மாற்றினார்கள். நாற்பது ஆண்டுகள் தாண்டியும் நம் செய்தித்தாள்கள் ‘தணிக்கை வாரியம்’ என்றே எழுதுகின்றன. வெட்டச் சொல்லும் அதிகாரம் இன்னும் இருப்பதால் அதைப் பிழை என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் ‘சான்றளிப்பு வாரியம்’ என்று எழுதுவதே சரி என்பது என் கருத்து. ராணிப்பேட்டை, ஆம்பூர்த் தோல் தொழிற்சாலைகளில் பதப்படுத்திய தோலை விரித்து, வடு பார்த்து ரகம் பிரிப்பவர் கத்தியைத் தொடுவதில்லை. இது எதற்கு ஆகும் என்று பிரித்து அடுக்குகிறார். சான்றளிப்பும் அந்த வேலைதான்.

சான்று என்பது பழைய தமிழ். சாட்சி என்பது அதன் நேர்ப்பொருள். சான்றோர், திருக்குறளின் 99-ஆம் அதிகாரமான சான்றாண்மை எல்லாம் அந்தக் குடும்பம். சான்றிதழ் தருகிறவர் ‘நான் பார்த்தேன், இன்ன வயதுக்கு இது ஆகும்’ என்று சாட்சி சொல்கிறார். அதற்கு மேல் அந்தத் தாளுக்கு வேலை இல்லை.

‘ஏ’ படத்துக்கு நாம் எழுதும் தமிழ்தான் எனக்கு உறுத்தல். “வயது வந்தோருக்கு மட்டும்.” நம் வீடுகளில் ‘வயசுக்கு வந்துட்டா’ என்றால் என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டுப் பத்திரிகை அடிக்கிற ஊரில், அந்தச் சொற்றொடர் சட்டம் சொல்லும் வயதைச் சொல்லவில்லை. உடல் வளர்ந்ததும் மனம் எல்லாவற்றையும் தாங்கும் என்ற எண்ணத்தையும் அது சத்தமில்லாமல் கூட்டிவருகிறது. ‘பதினெட்டு நிரம்பியோர்க்கு’ என்று எழுதினால் குழப்பம் தீரும்.

டீனேஜுக்குத் தமிழ் என்ன என்பதையும் இங்கே பார்த்துவிடலாம். ‘விடலை’ என்பார்கள். செய்யுள் வகைகளுக்கு இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்கள் ஆணின் பருவங்களைப் பாலன், மீளி, மறவோன், திறலோன், காளை, விடலை, முதுமகன் என்று வரிசைப்படுத்தும்போது விடலை முப்பது வயது வரை போகிறது. இன்றைய பேச்சிலோ அதில் ஒரு திட்டு ஒட்டியிருக்கிறது. பெண் பிள்ளைகளுக்குப் பொருந்துவதும் இல்லை. அரசு ஆவணங்களில் ‘வளரிளம் பருவம்’ என்று இருக்கிறது, நல்ல சொல். எனக்குப் ‘பதின்பருவம்’ இன்னும் பிடிக்கும். பதின்மூன்று, பதினான்கு என்று தொடங்கிப் பதினெட்டு வரை ‘பதின்’ இடைவிடாமல் வருகிறது, பத்தொன்பதில் போய்விடுகிறது. சட்டம் ‘ஏ’வுக்குப் போட்ட கோடும் அந்தப் பதினெட்டில்தான்.

இப்போது யுஏவுக்கு வருவோம், ஏனென்றால் பெற்றோர் முடிவெடுக்க வேண்டிய படங்கள் பெரும்பாலும் இங்கேதான் இருக்கின்றன. 2023-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் யுஏவை மூன்றாகப் பிரித்தது: 7+, 13+, 16+. முன்பு பன்னிரண்டு வயதுக்குக் கீழே பெற்றோர் வழிகாட்டுதல் என்று ஒரே கோடு. பெண்ணின் பருவங்களைச் சொல்லும்போது பேதைக்கு ஏழு வரை, மங்கைக்குப் பதின்மூன்று வரை என்று எல்லை வைத்த மொழியில், இந்தப் படிநிலை புதிதாகப் படவில்லை.

அந்தத் திருத்தத்தில் பலர் கவனிக்காத ஒரு வரி உண்டு. யுஏவின் வயதுக் குறியீட்டைப் பெற்றோரோ காப்பாளரோ தவிர வேறு யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ‘ஏ’ என்றால் பதினெட்டுக்குக் கீழே உள்ளவரைத் திரையரங்கில் விடக்கூடாது. யுஏ 16+ என்றால் பதினான்கு வயதுப் பையனை வாசலில் தடுக்கும் உரிமை அங்கே நிற்பவருக்கு இல்லை. அந்த உரிமை அவன் அம்மா அப்பாவுடையது. வாரியம் சாட்சி சொல்லிவிட்டது, தீர்ப்பு வீட்டில். டீக்கடையின் மூன்றாவது கேள்விக்கு இரண்டாவதில் பதில் இல்லாததற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது? வாரியத்துக்கே தந்திருக்கும் வழிகாட்டு நெறிகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்: படத்தை முழுமையாக, அது தரும் மொத்தத் தாக்கத்தை வைத்துப் பார்க்க வேண்டும். திரைப்பட இயக்குநர் கே.ஏ. அப்பாஸ் தொடர்ந்த வழக்கில் 1970-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமும், வெளியீட்டுக்கு முன்பே படத்தைப் பார்க்கும் முன்தணிக்கை செல்லும் என்று சொன்ன கையோடு, ஒரு பொருளை எப்படிக் கையாண்டிருக்கிறார்கள் என்பது முக்கியம் என்பதையும் வலியுறுத்தியது.

ஒரு கதையை வைத்துப் பார்ப்போம். குடிக்கிற தகப்பன், கடன், நின்றுபோகும் அக்கா கல்யாணம், தாய் எடுக்கும் தற்கொலை முடிவு. கெட்ட வார்த்தை இரண்டு இடத்தில். இதில் நான் கெட்ட வார்த்தையை எண்ண மாட்டேன். பத்தாவது படிக்கிற பிள்ளை பஸ் ஸ்டாண்டில் அதைவிட அதிகம் கேட்கிறது. அப்பன் அடிக்கிற காட்சியில் கேமரா யாரோடு நிற்கிறது என்று பார்ப்பேன். அடிக்கிறவனின் வீரத்தோடு நின்று, பின்னணி இசையும் அவனுக்கே முழங்கினால், யு சான்றிதழ் இருந்தாலும் யோசிப்பேன். அறைக்கு வெளியே நின்று கதவைப் பார்க்கும் மகளோடு நின்றால், அடியே தெரியாவிட்டாலும் கனம் கூடும். ஆனால் பதினைந்து வயதில் அந்தக் கனத்தைத் தாங்கலாம், தாங்கப் பழகவும் வேண்டும். தற்கொலைக் காட்சியில் மட்டும் கண்டிப்பாக இருப்பேன். வழிமுறையைக் காட்டினார்களா, சாவைத் துயரத்துக்கு விடையாகக் காட்டினார்களா, உதவி கேட்கும் வழி ஒன்றாவது கதையில் இருக்கிறதா? திரைத்துறையினருக்காக உலக சுகாதார அமைப்பு 2019-இல் வெளியிட்ட கையேடும் வழிமுறையைக் காட்டாதீர்கள் என்றுதான் சொல்கிறது.

அதற்குமேல் பிள்ளையைப் பார்க்க வேண்டும். ஒரே வீட்டில் அக்காவுக்கு ஆகும் படம் தம்பிக்கு ஆகாது. அண்மையில் வீட்டில் ஒரு சாவு நடந்திருந்தால், 13+ என்ற எண்ணுக்கு அது தெரியாது. உங்களுக்குத் தெரியும். முடிந்தால் பெரியவர் ஒருவர் முதலில் பார்த்துவிடுவது நல்லது. முடியாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, திரும்பி வரும் வழியில் பேசுங்கள்.

திரையில் முதலில் வரும் சான்றிதழை அவசரத்தில் விட்டுவிடாதீர்கள். படத்தின் பெயர், மொழி, நீளம், தேதியோடு வகையும் அதில் இருக்கும். வீட்டில் ஓடிடியில் பார்ப்பதற்கு 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி யு, யுஏவின் மூன்று படிகள், ஏ என்று ஐந்து வகை உண்டு. ஆனால் அதை நிறுவனமே போட்டுக்கொள்கிறது, வாரியம் பார்ப்பதில்லை. வன்முறை, போதை, ஆபாசச் சொல் என்று எதற்காக அந்த வகை என்பதையும் சேர்த்துப் போட வேண்டும். 13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பெற்றோர் பூட்டும் தர வேண்டும். அந்தப் பூட்டைப் போட்டு வைக்காத வீடுகள்தான் அதிகம் என்று நினைக்கிறேன்.

எழுதும்போது: வெட்டையும் ஆய்வையும் சொல்லத் தணிக்கை, வாரியத்துக்கும் தாளுக்கும் சான்றளிப்பு, சான்றிதழ். வீட்டில் செய்வதற்கு வயதுப் பொருத்தம் பார்த்தல் என்று எழுதலாம். பேச்சில் ‘இந்தப் படம் இவனுக்கு ஆகுமா’ என்பதே போதும்.