டெல்டா இறக்கை தரும் கடன்

கணினித் திரையில் நடக்கும் வான்சண்டையில் மிராஜ் 2000 விமானத்தை முதன்முதலாக ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் சுட்டு வீழ்த்தப்படுகிறார்கள். எதிரி விமானத்தை எதிரும் புதிருமாகக் கடந்த மறுகணம் ஜாய்ஸ்டிக்கை வயிற்றை நோக்கி இழுத்தால் மூக்கு சரேலென்று திரும்புகிறது. அரை வட்டம் முடியும் முன்பே எதிரி முன்கண்ணாடிக்குள் வந்துவிடுகிறான். இன்னும் ஒரே ஒரு நொடி இழுத்தால் குறி சரியாக விழுந்துவிடும் என்ற ஆசையில் மேலும் இழுக்கிறோம். அதற்குள் மணிக்கு 700 கி.மீ. இருந்த வேகம் 400க்கு இறங்கிவிடுகிறது, மூக்கு அசைய மறுக்கிறது, சற்று முன் நமக்கு இரையாகத் தெரிந்தவன் சாவகாசமாக நம் வாலுக்குப் பின்னால் வந்து அமர்கிறான். பல வாரங்கள் நானும் இப்படித்தான் விழுந்துகொண்டிருந்தேன். மிராஜின் முக்கோண இறக்கை, அதாவது டெல்டா இறக்கை, கேட்ட மாத்திரத்தில் கடன் கொடுக்கும். ஆனால் அது வாங்குவது மீட்டர் வட்டி. அந்த வட்டி எங்கிருந்து வருகிறது என்பது புரிந்தால், இந்த விமானத்தை ஓட்டும் முறை முழுவதும் அதிலிருந்தே பிறப்பதைக் காணலாம்.

பிரான்சின் டசோ நிறுவனம் வடிவமைத்த மிராஜ் 2000 முதன்முதலில் பறந்தது 1978 மார்ச் 10 அன்று. பிரெஞ்சு விமானப்படையில் அது சேர்ந்தது 1984இல். இந்திய விமானப்படை இதே விமானத்தை வஜ்ரா என்ற பெயரில் குவாலியர் தளத்திலிருந்து இயக்குகிறது. கோவையை அடுத்த சூலூரிலிருந்து பறக்கும் தேஜஸும் பின்புறத்தில் தனி வால் இறக்கை இல்லாத டெல்டாதான் என்பதால், அந்தப் பக்கத்துக்காரர்கள் இந்த முக்கோண உருவத்தைத் தலைக்கு மேலேயே பார்த்திருப்பார்கள். நான் பேசுவது டிசிஎஸ் வேர்ல்ட் என்ற சிமுலேட்டரில் உள்ள மிராஜ் 2000சி பற்றி. அதில் விமானத்தைக் கிளப்பவே பேட்டரி, எரிபொருள் பம்புகள், ஸ்டார்ட்டர் என்று ஒவ்வொரு சுவிட்சாகப் போட வேண்டும். பிரெஞ்சு எழுத்துகள் பொறித்த காக்பிட்டில், வழிகாட்டும் சுழலிக் கருவி தன் திசையை நிலைப்படுத்திக்கொள்வதற்காகச் சில நிமிடங்கள் தரையிலேயே காத்திருக்கவும் வேண்டும்.

இறக்கைக்கு வருவோம். சாதாரண நேர் இறக்கை காற்றோடு ஆக்கும் கோணத்தை, அதாவது தாக்கு கோணத்தை, 15 பாகைக்கு மேல் உயர்த்தினால் மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பிய்ந்து பிரிந்துவிடும். தூக்கு விசை சட்டென்று சரியும். ஸ்டால் என்று விமானிகள் அஞ்சுவது இதைத்தான். மிராஜின் இறக்கையில் முன்விளிம்பு 58 பாகை பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. அவ்வளவு சாய்ந்த விளிம்பின் கீழிருந்து மேலே ஏறும் காற்றும் பிரியத்தான் செய்கிறது. ஆனால் பிரிந்த காற்று சிதறிப் போகாமல், விளிம்பின் நீளத்துக்கு ஒரு கயிற்றைப் போல முறுக்கிச் சுருண்டு, இறக்கையின் முதுகிலேயே சுழலாகப் படுத்துக்கொள்கிறது. வாளித் தண்ணீரைக் கையால் வேகமாகச் சுழற்றினால் நடுவில் குழி விழுவதைப் பார்த்திருப்போம். நடுவில் அழுத்தம் குறைவதால் விழும் குழி அது. இறக்கையின் மீது படுத்திருக்கும் சுழலின் நடுவிலும் அழுத்தம் அப்படித்தான் குறைந்து, இறக்கையை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. ஈரமான காற்றில் கடுமையாகத் திரும்பும் மிராஜின் தோளில் வெண்புகை போலத் தோன்றுவது, இந்த அழுத்தக் குறைவில் குளிர்ந்து நுண்துளிகளாக மாறும் நீராவியே. தாக்கு கோணம் கூடக் கூடச் சுழலின் வலிமையும் கூடும் என்பதால், மற்ற இறக்கைகள் கைவிடும் இடத்திலும் டெல்டா தூக்கிக்கொண்டே இருக்கிறது.

இதைக் கணக்காக்கியவர் அமெரிக்காவின் நாசா லாங்லி ஆய்வு மையத்தைச் சேர்ந்த எட்வர்ட் போல்ஹாமஸ். 1966இல் அவர் தந்த சூத்திரம் தூக்கு விசையைச் சாதாரண இறக்கை தருவது, சுழல் தருவது என்று இரண்டாகப் பிரிக்கிறது. மிராஜின் நீள அகல விகிதம் கொண்ட கூர்விளிம்பு டெல்டாவுக்கு அதைப் போட்டுப் பார்த்தால், தாக்கு கோணம் 10 பாகையாக இருக்கும்போது மொத்தத் தூக்கு விசையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சுழலிலிருந்து வருகிறது. 25 பாகையில் அது ஐந்தில் இரண்டு பங்காகிறது. சுழல் தரும் இந்தப் பங்குதான் கடன். விளிம்பில் பிரியாத காற்று இறக்கையைச் சற்று முன்னோக்கியும் உறிஞ்சி, விமானத்தைப் பின்னுக்குப் பிடிக்கும் விசையான இழுவையைக் குறைத்துக்கொண்டிருந்தது. சுழல் உருவானதும் அந்த உறிஞ்சுதல் முன்னோக்கி இல்லாமல் மேல்நோக்கித் திரும்பிவிடுகிறது. ஆகவே மொத்த விசையும் இறக்கைக்குச் செங்குத்தாக நிற்கிறது. தாக்கு கோணத்தால் இறக்கை எவ்வளவு பின்சாய்ந்திருக்கிறதோ அந்த விசையும் அவ்வளவு பின்சாய்கிறது. இழுவை என்பது தூக்கு விசையைத் தாக்கு கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பால் பெருக்கினால் வருவது. 25 பாகையில் அந்த மதிப்பு 0.47 என்பதால், தூக்கியதில் கிட்டத்தட்டப் பாதி நம்மைப் பின்னுக்கு இழுக்கிறது.

ஒரு தோராயக் கணக்கு போட்டுவிடலாம். பாதி எரிபொருளும் இரண்டு சிறிய ஏவுகணைகளும் உள்ள மிராஜின் எடை சுமார் 9.3 டன், இறக்கைப் பரப்பு 41 சதுர மீட்டர். கடல்மட்டத்துக்கு அருகே மணிக்கு 720 கி.மீ. வேகத்தில் 9 ஜி இழுத்தால், அதாவது எடை ஒன்பது மடங்காகத் தோன்றும் அளவுக்குத் திரும்பினால், இறக்கை கிட்டத்தட்ட 84 டன் எடையைத் தாங்கும் அளவுக்குத் தூக்க வேண்டும். அதற்குத் தேவையான தாக்கு கோணம் 16 பாகைக்குப் பக்கத்தில் வருகிறது. அதனால் எழும் இழுவை 24 டன். மிராஜின் எம்53 எஞ்சினோ, பின்குழாயில் கூடுதல் எரிபொருளை எரித்து உந்தும் ஆஃப்டர்பர்னர் முழுவதும் எரியும்போதும் 95 கிலோநியூட்டன், அதாவது 10 டன்னுக்குச் சற்றுக் குறைவாகவே தள்ளுகிறது. மீதி 14 டன்னை விமானம் தன் வேகத்திலிருந்து கட்டுகிறது: ஒவ்வொரு நொடியும் வேகம் மணிக்குச் சுமார் 54 கி.மீ. குறைகிறது. நான்கு நொடியில் 720 என்பது 500 ஆகிவிடும். முன்விளிம்பில் தாமாகவே இறங்கும் பட்டைகள் உண்மை விமானத்தில் இந்த இழுவையைச் சற்றுக் குறைக்கும் என்றாலும் கணக்கின் போக்கு மாறாது. எஞ்சினால் ஈடுகட்ட முடிந்த அளவுக்கு மட்டும் இழுப்பதானால் 5 ஜிக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கும். 9 ஜியில் நொடிக்கு 25 பாகை திரும்பும் மூக்கு, 5 ஜியில் 14 பாகைதான் திரும்பும். புதியவர் முதல் திருப்பத்தில் ருசி பார்ப்பது அந்த 25. சண்டை நீண்டால் கையில் மிஞ்சுவது இந்த 14.

வால் இறக்கை இல்லாத டெல்டாவுக்கு இன்னொரு பழைய குறையும் உண்டு. மூக்கை உயர்த்தவும் தாழ்த்தவும் பயன்படும் தட்டுகள், எலிவான்கள், இறக்கையின் பின்விளிம்பிலேயே இருக்கின்றன. 1960களின் மிராஜ் 3 விமானத்தில் மூக்கை உயர்த்திப் பிடிக்க அவற்றை மேல்நோக்கி மடிக்க வேண்டியிருந்தது. மேல்நோக்கி மடிந்த தட்டு இறக்கையைக் கீழே அழுத்தும். மெதுவாகப் பறக்கும்போது, தூக்கு விசை மிக அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில்தான், விமானம் தன்னைத் தானே அழுத்திக்கொண்டது. அதனால் மணிக்கு 300 கி.மீ.க்கும் மேலான வேகத்தில் தரையிறங்கியது. டசோ நிறுவனமே இதில் சலித்து, 1966இல் பறந்த மிராஜ் எஃப்1 விமானத்தில் டெல்டாவைக் கைவிட்டு வால் வைத்த சாய்விறக்கைக்குப் போனது. மீண்டும் டெல்டாவுக்குத் திரும்ப வழி செய்தது மின்னணுவியல். மிராஜ் 2000இல் ஈர்ப்பு மையத்தை வேண்டுமென்றே பின்னுக்குத் தள்ளி, விமானத்தின் மூக்கு தானாகவே மேலே எழ முனையும்படி அமைத்தார்கள். மனிதக் கை இதை நொடிக்கு நொடி அடக்கிக்கொண்டிருக்க முடியாது. விமானியின் கட்டளையை மின்சமிக்ஞையாக வாங்கித் தட்டுகளை இயக்கும் ஃப்ளை-பை-வயர் கணினிகள் அடக்கும். மூக்கை அடக்க எலிவான்கள் கீழ்நோக்கி மடிகின்றன, கீழ்நோக்கி மடிந்த தட்டு இறக்கைக்குக் கூடுதல் தூக்கு விசை தருகிறது. பழைய குறையையே வரவாக மாற்றிய இந்த ஏற்பாட்டை, டெல்டாவின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் என்பேன்.

ஆகவே சிமுலேட்டரில் ஜாய்ஸ்டிக்கை இழுக்கும்போது நாம் தட்டுகளை அசைப்பதில்லை. இத்தனை ஜி வேண்டும் என்று கணினியிடம் விண்ணப்பிக்கிறோம். அதைத் தருவதா, எவ்வளவு தருவது என்று கணினி தீர்மானிக்கிறது. வான்சண்டைக்கான நிலையில் அது 9 ஜி வரையும் 29 பாகைத் தாக்கு கோணம் வரையும் அனுமதிக்கும். குண்டுகளோ பெரிய எரிபொருள் தொட்டிகளோ தொங்கினால், காக்பிட்டில் அதற்கென உள்ள சுவிட்சைச் சுமை நிலைக்கு மாற்ற வேண்டும். அப்போது வரம்புகள் இறங்கிவிடும். உண்மை விமானத்தின் கட்டுப்பாட்டுக் கோலில் 9 ஜிக்குரிய இடத்தில் ஒரு சுருள்வில் தடை கைக்குத் தட்டுப்படும். உயிர் போகிற அவசரத்தில் அதையும் மீறி இழுத்தால் 11 ஜி வரை கிடைக்கும். மேசை மேலிருக்கும் ஜாய்ஸ்டிக்கில் அந்தத் தடை தெரிவதில்லை. உடலை இருக்கையில் அழுத்தும் கனமும், தாக்கு கோணம் மிகுந்து சுழல் சிதறி உடையும்போது எழும் அதிர்வும் தெரிவதில்லை. காற்றின் இரைச்சல் மாறுவதையும், ஜி மிகுந்து திரை ஓரங்களில் கருமை படர்வதையும் கொண்டே நாற்காலியில் இருப்பவர் மீதியை ஊகிக்க வேண்டியிருக்கிறது. காதை நம்பக் கற்றவர்கள் கண்ணை மட்டும் நம்புகிறவர்களைவிட நன்றாகப் பறக்கிறார்கள் என்பது நான் கவனித்த ஒன்று.

அந்தச் சுழலை வீட்டுக் கணினி உண்மையில் கணக்கிடுகிறதா என்றால், இல்லை. ஓர் இறக்கையின் மீது சுருளும் காற்றை முழுமையாகக் கணக்கிட மீக்கணினிகளே நெடுநேரம் எடுத்துக்கொள்ளும். பறக்கும் சிமுலேட்டர்கள் பொதுவாகச் செய்வது வேறு: இந்தத் தாக்கு கோணத்தில், இந்த வேகத்தில், எலிவான் இவ்வளவு மடிந்திருந்தால் தூக்கு விசை இவ்வளவு, இழுவை இவ்வளவு, மூக்கைத் திருப்பும் திருப்புத்திறன் இவ்வளவு என்ற அட்டவணைகளை முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்கின்றன. பிறகு ஒவ்வொரு நொடியிலும் பற்பல முறை அட்டவணையைப் பார்த்து, விசைகளைக் கூட்டி, நிறையால் வகுத்து, விமானத்தை ஒரு சிறு அடி நகர்த்துகின்றன. அட்டவணை எவ்வளவு நேர்மையாக இருக்கிறதோ அவ்வளவு நேர்மையாகத்தான் விமானமும் நடந்துகொள்ளும். அதிலும் மிக உயர்ந்த தாக்கு கோணங்களில், சுழல் எந்த நொடியில் உடையும் என்பது முந்தைய நொடியில் விமானம் எப்படி அசைந்தது என்பதையும் பொறுத்தது என்பதால், சிமுலேட்டர் உண்மையிலிருந்து விலகக்கூடிய இடம் அதுவே.

சண்டையில் இதையெல்லாம் வைத்து என்ன செய்வது? முதல் திருப்பத்தில் கிடைக்கும் கடனை ஒரே ஒரு காரியத்துக்காக, மூக்கை எதிரியின் பக்கம் திருப்பி, நெருக்கத்தில் அடிக்கும் மேஜிக் ஏவுகணையை விடுவதற்காக மட்டும், வாங்க வேண்டும். கால் வட்டத்துக்குள் அது கைகூடாவிட்டால் கோலைத் தளர்த்திவிட வேண்டும். கோலைச் சற்று முன்தள்ளி, ஏறக்குறைய எடையற்ற நிலைக்கு வந்து, மூக்கைத் தொடுவானத்துக்குக் கீழே விட்டால், தூக்கு விசையோடு அதன் இழுவையும் மறைந்து, மெல்லிய டெல்டா இறக்கை காற்றைக் கிழித்துக்கொண்டு வேகம் பிடிக்கும். கடனை அடைக்கும் வழி அது ஒன்றுதான். வேகம் இழக்காமல் நெடுநேரம் திரும்பக்கூடிய எஃப்-16 போன்ற விமானத்தோடு ஒரே வட்டத்தில் மாறி மாறிச் சுற்றிக்கொண்டிருப்பது தோல்வியை நாமே அழைப்பதாகும். எரிபொருளும் காத்திருக்காது: உள்தொட்டிகளில் இருப்பது சுமார் 3,160 கிலோ, தாழ்ந்த உயரத்தில் ஆஃப்டர்பர்னரை விடாமல் எரித்தால் அது சுமார் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். பீரங்கிகளும் அதே கதைதான். 30 மி.மீ. பீரங்கி ஒவ்வொன்றுக்கும் 125 குண்டுகள். விசையை அழுத்திப் பிடித்தால் நான்கு நொடியில் காலி. தொலைவிலிருந்து அடிக்க இரண்டு சூப்பர் 530டி ஏவுகணைகள் உண்டு என்றாலும், அவை இலக்கில் மோதும் வரை நம் ரேடார் எதிரியைப் பிடித்துக்கொண்டே இருந்தாக வேண்டும் என்பதால், இந்த விமானத்தில் பல சண்டைகள் நெருக்கத்தில்தான் முடிகின்றன.

பிழைத்து வந்தவருக்குத் தரையிறக்கம் மிச்சமிருக்கிறது. எதிர்க்கண்ணாடித் திரையில் ஒரு சிறு வட்டம், விமானம் உண்மையில் போய்க்கொண்டிருக்கும் திசையைக் காட்டும். சக்கரங்களை இறக்கி 14 பாகைத் தாக்கு கோணத்தில் மணிக்கு சுமார் 250 கி.மீ. வேகத்தில் வரும்போது மூக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அந்த வட்டம் வெகு கீழே ஓடுபாதையின் தொடக்கத்தில் அமர்ந்திருக்கும். வட்டம் ஓடுபாதைக்கு முன்பாகவே விழுவதாகத் தெரிந்தால், புதியவரின் கை தானாகக் கோலை இழுக்கும். இழுத்தால் தாக்கு கோணம் கூடும், இழுவை கூடும், வேகம் இன்னும் குறையும், விமானம் இன்னும் வேகமாகக் கீழே போகும். இந்த வேகத்தில் மெதுவாகப் பறப்பதற்குத்தான் அதிக உந்து விசை தேவை என்பதால், உயரத்தைச் சரிசெய்ய வேண்டியது இடது கையில் உள்ள, உந்து விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில்; வலது கை தாக்கு கோணத்தை அசையாமல் வைத்திருந்தால் போதும். தரையை நெருங்கும்போது அகன்ற இறக்கைக்கும் ஓடுபாதைக்கும் நடுவே காற்று மெத்தை போல அமுங்கி இறக்கத்தைத் தானே மென்மையாக்கும். பின்சக்கரங்கள் தொட்டதும் மூக்கைக் கீழே விட்டுவிடாமல் உயர்த்தியே வைத்திருக்க வேண்டும். எஞ்சினின் பின்வாய் தரையில் உரசும் அளவுக்கு உயர்த்திவிடவும் கூடாது. சண்டை முழுவதும் நம் வேகத்தைத் தின்ற அதே இழுவை இப்போது 41 சதுர மீட்டர் இறக்கையையும் பிரேக்காக்கி விமானத்தைப் பிடித்து நிறுத்துகிறது. வேகம் குறையக் குறைய எலிவான்கள் வலுவிழந்து மூக்குச் சக்கரம் மெல்ல ஓடுபாதையில் இறங்கும். கால் பிரேக்கை அதற்குப் பிறகு மிதிக்கலாம்.