டர்க்: ஹைலேண்டரின் இடுப்புக் கத்திக்குத் தமிழில் என்ன பெயர்?

ஸ்காட்லாந்தின் வடக்கிலும் மேற்கிலும் உள்ள மலைப்பகுதிக்கு ஹைலேண்ட்ஸ் என்று பெயர். அங்கே ஆண்கள் இடைவாரில் உறையோடு தொங்கவிட்டுக்கொண்ட நீண்ட கத்திதான் டர்க். 18ஆம் நூற்றாண்டில் செய்தவற்றில் 30 சென்டிமீட்டரைத் தாண்டிய அலகு சாதாரணம். கூர் ஒரு பக்கம்தான், மறுபக்கம் தடித்த முதுகு. நுனி வரை நேராகப் போய் ஒடுங்கும். வாளில் இருப்பதுபோலக் கையைக் காக்கும் குறுக்குக் கம்பி கிடையாது. பிடி கறுத்த மரத்தில், சுற்றிலும் கயிறு பின்னியதுபோலச் செதுக்கலோடு இருக்கும்.

அகராதியைப் புரட்டினால் ‘குத்துவாள்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். அது போதாது என்பதற்கு 1716ஆம் ஆண்டின் ஆயுதப் பறிப்புச் சட்டமே சாட்சி. பதவியிழந்த ஸ்டூவர்ட் வம்சத்தை மறுபடி அரியணை ஏற்ற முயன்றவர்கள் யாக்கோபியர்கள். அவர்களுடைய கிளர்ச்சிக்குப் பிறகு ஹைலேண்டர்கள் எதையெல்லாம் வைத்திருக்கக் கூடாது என்று அந்தச் சட்டம் பட்டியல் போட்டது. அகன்ற வாள், கேடயம், துப்பாக்கி ஆகியவற்றோடு ‘பாய்னியார்ட்’ என்ற குத்துவாளைத் தனியாகவும் ‘டுர்க்’கைத் தனியாகவும் அது சொல்கிறது. சட்டம் எழுதியவர்களுக்கே இரண்டும் வேறு வேறு பொருள்.

அந்த ‘டுர்க்’ எழுத்துப்பிழை அல்ல. 1600 வாக்கில் ஆங்கில எழுத்தில் தலைகாட்டியபோது இந்தச் சொல் டோர்க், டுர்க் என்றுதான் இருந்தது. 1755இல் சாமுவேல் ஜான்சனின் அகராதி வந்தபிறகுதான் இன்றைய எழுத்துக்கூட்டல் நிலைத்தது என்பார்கள். மூலம் எது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. குத்துவாளைக் குறிக்கும் ‘டோல்ஹ்’ என்ற ஜெர்மன் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்பது ஒரு கட்சி. டர்க் என்ற ஆள்பெயரிலிருந்து வந்தது என்பது இன்னொரு கட்சி. கூடைப்பந்து ரசிகர்களுக்கு டிர்க் நோவிட்ஸ்கியைத் தெரிந்திருக்கும், அதே பெயர்தான். ஆனால் பழைய எழுத்துக்கூட்டல்களை வைத்துப் பார்த்தால் ஆள்பெயர்க் கதை எனக்கு ஒட்டவில்லை. இதில் வேடிக்கை, அந்தக் கத்தியை இடுப்பில் கட்டியவர்களின் மொழியில் டர்க் என்ற சொல்லே இல்லை. கேலிக் மொழியில் அதற்குப் பெயர் பிடக்.

கத்தியின் வம்சாவளி சொல்லின் வம்சாவளியைவிடத் தெளிவானது. இடைக்கால ஐரோப்பாவில் பிடியின் அடியில் இரண்டு உருண்டை வைத்த ஒரு குத்துவாள் இருந்தது. உருவத்தைப் பார்த்து அந்தக் காலத்து ஆட்கள் கூச்சமில்லாமல் ஆண் விதைப்பையின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். விக்டோரியா காலத்து அறிஞர்களுக்கு அது நாக்கில் வரவில்லை, ‘சிறுநீரகக் குத்துவாள்’ என்று மாற்றிவிட்டார்கள்! 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலிலிருந்து இவ்வகைக் குத்துவாள்களின் மரப் பிடிகள் பல கிடைத்திருக்கின்றன. டர்க்கின் பிடியில் அந்த உருண்டைகள் இரண்டும் அமுங்கி, அலகின் தோளைக் கவ்விப் பிடிக்கும் பக்கப் புடைப்புகளாக நிற்கின்றன. உள்ளங்கை வழுக்கி அலகுக்குப் போகாமல் தடுப்பது அந்தப் புடைப்புதான். குறுக்குக் கம்பி இல்லாத குறை அப்படித்தான் தீர்ந்தது.

பிடி செய்யும் வேலையைப் பார்த்தால்தான் இந்தக் கத்தியின் குணம் பிடிபடும். சதுப்பு நிலத்தில் நெடுங்காலம் புதைந்து கறுத்துப்போன ஓக், ஐவிக் கொடியின் வேர், பாக்ஸ்வுட் என்று இழை நெருங்கிய மரமாகத் தேடி எடுப்பார்கள். வேர் மரத்தில் இழை ஒரே திசையில் ஓடாது, அதனால் சட்டென்று பிளக்காது. இப்போது கையால் செய்பவர்கள் பலர் கட்டையைச் செதுக்குவதற்கு முன்பே நடுவில் துளை போட்டுவிடுகிறார்கள். அலகின் வால், அதாவது அலகின் அடியிலிருந்து பிடிக்குள் நீளும் மெல்லிய கம்பி, அந்தத் துளை வழியாகத்தான் மேலே போக வேண்டும். முதலில் வடிவம் கொடுத்துவிட்டு அப்புறம் துளைத்தால், துரப்பணம் கொஞ்சம் சாய்ந்தாலும் செய்த வேலை மொத்தமும் வீண். துளையை மையமாக வைத்துக்கொண்டு வெளிப்பக்கத்தைக் கடைசல் இயந்திரத்திலோ அரத்தாலோ உருட்டி எடுப்பது புத்திசாலித்தனம். மேல்தலை அகன்று தட்டையாக, நடுப்பிடி உருளையாக, அடி இரு பக்கமும் புடைத்து வரும்.

அடுத்தது பின்னல். நேராக உளியை எடுத்துவிட முடியாது. உருளையைச் சுற்றளவிலும் உயரத்திலும் சம பாகங்களாகப் பிரித்துப் புள்ளி வைக்க வேண்டும். புள்ளிகளைச் சாய்கோடுகளால் இணைத்து, பட்டைகள் போகும் வழியைப் பென்சிலில் வரைய வேண்டும். கோலம் போடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும். ஒவ்வொரு பட்டையும் ஒரு சந்திப்பில் மேலே போனால் அடுத்த சந்திப்பில் கீழே போக வேண்டும். ஓரிடத்தில் மாறினால் சுற்றி வந்து முடியும்போது கணக்கு இடிக்கும். வரைந்து முடித்ததும் பட்டையின் இரு ஓரங்களிலும் கூர்க்கத்தியால் நேர்கீழாக வெட்டு. இந்த வெட்டு இருந்தால்தான் உளி எல்லை தாண்டாமல் நிற்கும். பின் இடைவெளி மரத்தைச் சிறிய உளியால் தாழ்த்தி, பட்டைகளின் விளிம்பை உருட்டி, கீழே போகும் பட்டையைச் சந்திப்பருகே கொஞ்சம் அமுக்கி விட்டால், கட்டை மேல் வார் பின்னியதுபோலவே தெரியும்.

பின்னலின் நடுநடுவே பித்தளை அல்லது வெள்ளித் தலை வைத்த குட்டி ஆணிகளை அடிப்பதும் உண்டு. மெல்லிய துளை போடாமல் அடித்தால் அத்தனை நேரம் செதுக்கிய பட்டை விண்டுவிடும். கடைசியில் மேல்தலையில் உலோகத் தகடு வைத்து, வெளியே நீட்டிய வாலின் நுனியைத் தட்டி மடக்கி இறுக்கிவிடுவார்கள். ஆளி விதை எண்ணெய் பூசினால் மரம் இன்னும் கறுத்து மினுங்கும்.

அலகு எப்போதும் புதிதாக அடித்ததாக இருக்க வேண்டும் என்பதில்லை. உடைந்த வாள், பழைய வாள் இவற்றின் அலகை வெட்டிக் குறைத்தும் டர்க் செய்தார்கள். சண்டையில் வலக்கையில் அகன்ற வாள், இடக்கையில் கேடயம், அதே இடக்கையில் கேடயத்துக்குக் கீழே எட்டிப் பார்க்கும் டர்க். மற்ற நாட்களில் இறைச்சி அறுக்கவும் அதுதான். பிற்கால உறைகளில் முன்பக்கம் ஒரு சிறு கத்தியும் முள்கரண்டியும் செருக இடம் வைத்திருப்பார்கள். டர்க்கின் மேல் ஆணையிட்டுச் சத்தியம் செய்யும் வழக்கமும் இருந்தது.

1746 ஏப்ரல் 16இல் கலோடன் போரில் யாக்கோபியர்கள் தோற்றபின் ஆயுதத் தடை இறுகியது, ஹைலேண்ட் உடைக்கும் தடை வந்தது. உடைத் தடை நீங்கியது 1782இல். 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்தபோது நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் ஏற்பாட்டில் எல்லாரும் ஹைலேண்ட் உடையில் திரண்டார்கள். அதன்பின் டர்க் அலங்காரப் பொருளாகிவிட்டது. பிடியின் தலையில் கேர்ன்கார்ம் என்ற புகைநிறக் கல் ஏறியது, பிடியே ஸ்காட்லாந்தின் சின்னமான திசில் என்ற முட்செடிப் பூவின் வடிவத்துக்குப் போனது. பளபளப்பு கூடியது, கைக்கு அடங்கும் தன்மை குறைந்தது என்பது என் அபிப்பிராயம்.

சரி, தமிழில் எதைச் சொல்வது? ‘டர்க்’ என்று மட்டும் எழுதினால் நம் ட எழுத்து காலை வாருகிறது. ஆங்கில D, T இரண்டுக்கும் அது ஒன்றுதான் என்பதால் Turk, அதாவது துருக்கியர் என்று படிப்பவர்களும் இருப்பார்கள். கட்டாரி வேறு, அதைக் குறுக்குக் கட்டையில் முட்டி மடக்கிப் பிடித்துக் குத்த வேண்டும். பிச்சுவா வளைந்தது, தேளைக் குறிக்கும் இந்துஸ்தானிச் சொல்லிலிருந்து வந்த பெயர். சூரிக்கத்தி என்றால் குற்றச் செய்தி வாடை அடிக்கும். இடையில் கட்டுவது என்ற பொருளுக்கு உடைவாள்தான் அச்சாகப் பொருந்தும், ஆனால் சரித்திரக் கதை படித்த யாரும் அதைக் கேட்டதும் அரசர் உருவும் நீண்ட வாளைத்தான் நினைப்பார்கள்.

மிச்சம் குறுவாள். வாளைக் குறைத்துச் செய்த அலகு, குத்துவாளைவிட நீளம், வாளைவிடக் குட்டை என்று எல்லாம் அதில் அடங்கிவிடுகிறது. முதல்முறை ‘டர்க் குறுவாள்’ என்று எழுதி, பிறகு டர்க் என்றே தொடரலாம். குத்துவாளைப் பாய்னியார்டுக்கு விட்டுவிடலாம், 1716 சட்டத்தை மொழிபெயர்க்கிறவருக்கும் வசதி. காலுறையின் மேல் விளிம்பில் செருகும் சின்னக் கத்தியையும் சிலர் டர்க் என்று எழுதிவிடுகிறார்கள். அதன் பெயர் ஸ்கீன் டூ, நேர்ப்பொருள் கருங்கத்தி. அதற்குக் குறுவாள் என்ற பெயர் பெரிது, காலுறைக் கத்தி என்றாலே போதும்.