பழைய இனிப்பு ஒயினில் நிறத்தைப் பார்க்காதீர்கள், மட்டத்தைப் பாருங்கள்

போன வருடம் எங்கள் ஓட்டலுக்கு வழக்கமாக வரும் ஒருவர், அப்பா விட்டுப்போன இரண்டு பாட்டில்களைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். இரண்டுமே பிரான்சின் ஷத்தோ திக்கெம், சுருக்கமாக இக்கெம், என்ற தோட்டத்தின் இனிப்பு ஒயின். ஒன்று 1967, இன்னொன்று 1988. பழையது டீ டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. புதியது தங்க நகை மாதிரி மின்னியது. “கறுத்தது கெட்டுப்போச்சு, கொட்டிடலாம். இதை மட்டும் திறங்க” என்றார்.

நான் இரண்டையும் விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். 1967இல் ஒயின் கழுத்தின் அடிவரை நின்றது. 1988இல் தோளுக்கும் கீழே இறங்கியிருந்தது. மூடியின் ஓரத்தில் பிசுபிசுப்பாகக் கசிவுத் தடம் வேறு. இரண்டையும் திறந்தோம். தங்க நிறத்தில் நெயில் பாலிஷ் வாடை, அடிபட்ட ஆப்பிளின் வாடை. கறுத்ததில் கருப்பட்டிப் பாகு, உலர்ந்த அத்தி, ஆரஞ்சுத் தோல், கடைசியில் லேசாகக் குங்குமப்பூ. அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

ஒயின் பரிமாறும் வேலையில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு இது. பழைய இனிப்பு ஒயின் வெளிர் மஞ்சளில் தொடங்கி, தங்கமாகி, தேன் நிறமாகி, கடைசியில் பழுப்பாவது அதன் இயல்பு. நல்ல பாட்டில்களும் கறுக்கும். மட்டம் இறங்குவதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம். ஒயின் குறைந்த இடத்தில் காற்று புகுந்திருக்கிறது என்று பொருள். ஐம்பது வருடப் பாட்டிலில் தோளின் மேல்பக்கம் வரை இறங்கினால் பொறுத்துக்கொள்ளலாம். நடுத்தோளுக்குக் கீழே போனால் நான் காசு கொடுக்க மாட்டேன். இருபது வருடத்துக்கு உட்பட்ட பாட்டில் என்றால் கழுத்திலேயே நிற்க வேண்டும்.

“இவ்வளவு சர்க்கரை இருக்கே, கெடாது” என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. சர்க்கரையும் புளிப்பும் ஆயுளைக் கூட்டும், உண்மைதான். ஆனால் வெயில் அடிக்கும் அலமாரியில் வைத்த பாட்டிலை அவை காப்பாற்றாது. சூட்டில் ஒயின் விரிந்து தக்கையைத் தள்ளும், குளிர்ந்ததும் காற்றை உள்ளே இழுக்கும். பாட்டிலை வைக்கத் தேவையானவை 12 முதல் 14 டிகிரி செல்சியஸ், இருட்டு, ஓரளவு ஈரப்பதம், பாட்டில் படுத்த நிலை. நம் ஊர் மாதிரி வெப்பப் பகுதியில் இதற்கு வசதி இல்லையென்றால் வாங்கிச் சேர்க்காதீர்கள், வாங்கியதைக் குடித்துவிடுங்கள்.

இந்த ஒயினுக்கு ஏன் இவ்வளவு விலை என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது சோத்தெர்ன் ஊரின் மூடுபனியைப் பற்றித்தான். பிரான்சின் போர்தோ நகருக்குத் தெற்கே, சிரோன் என்ற குளிர்ந்த சிற்றாறு வெதுவெதுப்பான கரோன் ஆற்றில் கலக்கிறது. இலையுதிர்காலத்தில் காலையில் பனி எழும்பும், மதியம் வெயில் காயும். அந்த ஈரத்தில் போட்ரிடிஸ் என்ற பூஞ்சை செமியோன், சொவின்யோன் பிளாங்க் திராட்சைகளில் பிடிக்கிறது. அது தோலைத் துளைக்க, நீர் ஆவியாகி, சர்க்கரையும் புளிப்பும் செறிகின்றன. அழுகல்தான், ஆனால் வேண்டி விரும்பி எதிர்பார்க்கும் அழுகல். எல்லாப் பழமும் ஒரே நாளில் அந்தப் பதத்துக்கு வராது. பறிப்பவர்கள் அதே கொடிக்குப் பல தடவை திரும்பி வந்து, பதமான பழங்களை மட்டும் பொறுக்குகிறார்கள். ஒரு கொடிக்கு ஒரு கிளாஸ் என்பது அங்கே வழக்கமான கணக்கு. மழை விடாமல் பெய்தால் அதே பூஞ்சை பயிரைப் பாழாக்கிவிடும். அப்படிப்பட்ட வருடங்களில் இக்கெம் தோட்டம் தன் பெயரில் இனிப்பு ஒயினை வெளியிடுவதே இல்லை. அந்த நேர்மைமேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

வாங்குபவருக்கு இதிலேயே ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. 1910, 1915, 1930, 1951, 1952, 1964, 1972, 1974, 1992, 2012. இந்தப் பத்து வருடங்களுக்கும் இக்கெம் இனிப்பு ஒயின் கிடையாது. 1972இல் பிறந்த ஒரு வாடிக்கையாளர், பிறந்த வருடப் பாட்டில் கிடைத்துவிட்டது என்று ஒரு தரகர் அனுப்பிய படத்தைச் சந்தோஷமாகக் காட்டினார். முன்பணம் கட்டும் முன் என்னிடம் கேட்டது நல்லதாகப் போயிற்று.

பெயர் பெரிதானால் போலியும் வரும். பின்னாளில் அமெரிக்க அதிபரான தாமஸ் ஜெபர்சன் 1787இல் போர்தோவுக்குப் போனார், இக்கெம் ஒயினை விரும்பி வரவழைத்தார். போர்தோ பகுதி ஒயின்களுக்கான 1855 தரவரிசையில் சோத்தெர்ன் ஒயின்களிலேயே உச்சியில் தனி இடம் பெற்ற தோட்டம் அது. இரண்டு நூற்றாண்டுகள் லூர்-சாலூஸ் குடும்பத்தின் கையில் இருந்து, பிறகு எல்விஎம்எச் என்ற ஆடம்பரப் பொருள் நிறுவனத்துக்குப் போனது. 1980களில் ஜெபர்சன் பெயரின் முதலெழுத்துகள் பொறித்த பாட்டில்கள் சந்தைக்கு வந்தன. இக்கெமும் அவற்றில் இருந்தது. அவருடையதுதான் என்று நம்பிப் பெரும் பணக்காரர்கள் வாங்கினார்கள். அவர்களில் ஒருவரான பில் கோக் நியமித்த நிபுணர்கள், எழுத்துகள் மின்கருவியால் பொறிக்கப்பட்டவை என்று முடிவுக்கு வந்தார்கள். ஜெபர்சன் காலத்தில் மின்கருவி ஏது?

ஆகவே விற்பவரிடம் நான் முதலில் கேட்பது பாட்டிலின் கதையை. யார் வாங்கினார், எங்கே வைத்திருந்தார், ரசீது இருக்கிறதா? அப்புறம் மட்டம், தக்கை, கசிவு. திறந்த பிறகு தக்கையில் தோட்டத்தின் பெயரும் வருடமும் இருக்கிறதா என்றும் பாருங்கள். 375 மில்லி அரைப் பாட்டில் மலிவாகத் தெரியும், ஆனால் முழுப் பாட்டிலைவிடச் சீக்கிரம் முதிரும்.

குடிக்கும்போது, இரண்டு நாள் முன்பே பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள், வண்டல் அடியில் தங்கட்டும். பழைய தக்கை உதிரும், இரட்டைத் தகடு போட்ட திறப்பானைப் பயன்படுத்துவது நல்லது. 12 டிகிரி வாக்கில், சிறிய கிளாஸில், ஆளுக்கு 75 மில்லி போதும். குலாப் ஜாமூனோடு கொடுக்காதீர்கள், அதைவிட ஒயின் தட்டையாகப் படும். ரோக்ஃபோர் மாதிரி உப்பு தூக்கலான நீலப் பாலாடைக்கட்டி அருமையாகப் பொருந்தும்.

நீரிழிவு உள்ளவர்கள் கவனம்: லிட்டருக்கு 120 முதல் 150 கிராம் சர்க்கரை, அதாவது அந்தச் சின்னக் கிளாஸிலேயே சுமார் 10 கிராம். மதுவின் அளவும் 14 சதவீதத்தை ஒட்டி. ஒயின் கெடாமல் இருக்கச் சேர்க்கும் கந்தக டையாக்சைடும் இவ்வகையில் மற்ற ஒயின்களைவிட அதிகம், ஐரோப்பியச் சட்டமே லிட்டருக்கு 400 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. ஆஸ்துமாக்காரர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

திறந்ததை அன்றே முடிக்க வேண்டியதில்லை. அந்த 1967இல் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சியது. தக்கை போட்டு வீட்டு ஃப்ரிட்ஜில் வைக்கச் சொன்னேன். நான்காம் நாள் போன் செய்தார்: அம்மா ஒரு தேக்கரண்டி ருசி பார்த்துவிட்டு, அப்பாவுக்குப் பிடித்தது எது என்று இப்போதுதான் தெரிகிறது என்றாராம்.