புயல் மழைக்குப் பின் பீவர் அணையில் கைவைக்காதீர்கள்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துச் சியாட்டில் நகரில் நவம்பர் பிறந்துவிட்டால் பசிபிக் கடலிலிருந்து வரும் மழை அடுத்தடுத்துக் கொட்டித் தீர்க்கும். கூரையிலும் தார்ச்சாலையிலும் விழும் நீர் மண்ணில் இறங்க வழியில்லாததால், தோர்ன்டன் ஓடை போன்ற நகர ஓடைகள் சில மணி நேரத்தில் பொங்கி, அதே வேகத்தில் வடிந்தும் விடுகின்றன. அந்த வேகத்தில், மரங்களைக் கடித்து வீழ்த்தி ஓடைகளில் அணை கட்டும் கொறிவிலங்குகளான பீவர்களின் அணை உடைப்பெடுத்தால், மழைநீர் வடிகால் பணியில் இருக்கும் என் போன்றோரிடம் மக்கள் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். மிச்சமிருக்கும் அணையையும் பிரித்துவிடுங்கள் என்பார்கள் சிலர். வீடிழந்த பிராணிகளுக்குக் கிளைகளை வெட்டிப் போடலாமா என்று கேட்பார்கள் வேறு சிலர். இரண்டுமே வேண்டாம்.

அணை பீவரின் வீடன்று. வளை கரையிலோ, நீர் நடுவே எழுப்பிய குச்சி மேட்டிலோ இருக்கும்; அதன் வாசல் எப்போதும் நீருக்கடியில் மறைந்திருக்க வேண்டும் என்பதற்காகவே அணை. நீர் மட்டம் இறங்கினால் வாசல் வெளியே தெரிந்துவிடும் என்பதால், பெருவெள்ளம் தணிந்ததும் அந்தி மயங்கும் நேரத்தில் வேலை தொடங்கிவிடுகிறது. பெற்றோரும் முந்தைய ஆண்டுக் குட்டிகளும் சேர்ந்து, நீர் அதிகமாகப் பாயும் இடத்தில் கிளைகளைச் செருகி, கற்களை வைத்து, அடியிலிருந்து சேற்றை முன்னங்கால்களால் மோவாயோடு அணைத்துக் கொண்டுவந்து அணையில் நீர் வந்து மோதும் பக்கத்தில் அப்புகின்றன. வெள்ளம் அடித்துவந்த நெகிழிப் பையும் பலகைத் துண்டும்கூட நகரத்து அணைகளில் கட்டுமானப் பொருளாகிவிடும். கூர்ந்து பார்த்தால், அவை எல்லாக் கசிவையும் அடைப்பதில்லை என்பது புரியும். சலசலத்து ஓடும் உடைப்புக்குத்தான் முதலிடம்.

ஸ்வீடன் நாட்டு உயிரியலாளர் லார்ஸ் வில்சன் 1960களில் செய்த சோதனைகளில், ஒலிபெருக்கியிலிருந்து நீரோடும் ஓசை கேட்டதும் பீவர்கள் அதன்மேலேயே கட்டுமானப் பொருள்களைக் குவித்தன. ஓசை மட்டுமே அவற்றைத் தூண்டுகிறது என்று சொல்லிவிட முடியாது. நீர் மட்டம் இறங்குவதையும் நீரின் இழுப்பையும் அவை உணர்கின்றன. ஆனாலும் எங்கள் வேலைக்கு இந்த ஓசைதான் பிடி கொடுத்தது. அணையின் ஊடே ஒரு குழாயைச் செலுத்தி, அதன் நுழைவாயை அணைக்குப் பின்னே தேங்கும் குளத்தின் ஆழமான பகுதியில் கம்பி வலைக் கூண்டுக்குள் வைத்துவிட்டால், நீர் சத்தமின்றி உள்ளிழுக்கப்படுவதால் பெரும்பாலும் பீவர்கள் அதைத் தேடி அடைப்பதில்லை. ஏரிக்குக் கலிங்கு போல, குளத்தின் உயரத்தை நாம் விரும்பும் மட்டத்தில் நிறுத்திவைக்க இது உதவும். ஆனால் பெருமழையின் முழு வெள்ளத்தையும் ஒரு குழாய் வடித்துவிடும் என்று எதிர்பார்ப்பது தவறு.

கலிபோர்னியாவின் மார்ட்டினஸ் நகரில் 2007ஆம் ஆண்டு, வெள்ள அச்சத்தால் அல்ஹாம்பிரா ஓடைப் பீவர்களை அகற்ற நகராட்சி முனைந்தபோது குடிமக்கள் திரண்டு எதிர்த்தார்கள். அடுத்த ஆண்டு ஸ்கிப் லைல் என்ற வல்லுநர் அங்கே பொருத்திய குழாய் நீர் மட்டத்தைக் கட்டுக்குள் வைத்தது. அணையைப் பிரிப்பதால் அப்படி எதுவும் கிடைப்பதில்லை. பீவர்கள் சில இரவுகளில் மறுபடி கட்டிவிடும். அவற்றைப் பிடித்து அகற்றினாலும், வாழத் தகுந்த ஓடைக்கு இடம் தேடித் திரியும் இளம் பீவர்கள் வந்து சேரும். இடையில் தேங்கியிருந்த வண்டல் ஒரே மூச்சில் கீழே பாய்ந்து, குளத்தில் வளரும் கோஹோ சால்மன் மீன் குஞ்சுகளும் தரைதட்டிப் போகக்கூடும். வாஷிங்டன் மாநிலத்தில் மீன், வனவிலங்குத் துறையின் அனுமதியின்றி பீவர் அணையை மாற்றுவதே சட்டப்படி கூடாது.

ஆகவே உடைப்பைக் கண்டால் கரையிலிருந்து தள்ளி நின்று பாருங்கள். நாயைக் கயிற்றில் பிடித்திருங்கள். பீவர் வாலால் நீரை அறையும் ஓசை கேட்டால், அது உங்களைக் கண்டு எச்சரிக்கிறது என்று அறிந்து விலகிவிடுங்கள். சாலையையோ கட்டடத்தையோ நோக்கி நீர் ஏறினால் மட்டும் நகர வடிகால் துறையை உடனே அழையுங்கள். பழுதுபார்ப்புக்கு உங்கள் தோட்டத்து மரம் பலியாகாமலிருக்க, அடிமரத்தைச் சுற்றி ஏறக்குறைய 1 மீட்டர் உயரத்துக்குத் தடித்த கம்பி வலையை, மரம் பருக்க இடைவெளி விட்டுக் கட்டுங்கள். மெல்லிய கோழி வலையை அவை எளிதில் வளைத்துவிடும்.