ஒகேனக்கல் போய்விட்டு வந்த திங்கட்கிழமை

கோடை விடுமுறையில் தர்மபுரிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை எங்கே போனார்கள் என்று குழந்தை மருத்துவரான எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. திங்கட்கிழமை காலை ஓபியில் உட்கார்ந்தாலே தெரிந்துவிடும். வாந்தி, வயிற்றுப்போக்கு, வெயிலில் கன்றிப்போன தோள்கள். எங்கே போனீர்கள் என்று கேட்டால், "ஒகேனக்கல் சார்" என்பார்கள்.

ஒகேனக்கல்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. நானும் போகிறேன், மீன் வறுவலை ஒரு கை பார்க்கிறேன். நான் சொல்லவந்தது பையில் எடுத்துப்போகும் ஓஆர்எஸ் பொடியைப் பற்றி, அதாவது வயிற்றுப்போக்கில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டத் தண்ணீரில் கலந்து கொடுக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி.

ஒரு மே மாதம், பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒன்றரை வயதுப் பாப்பா ஒன்றைத் தூக்கிவந்தார்கள். கண் உள்ளே போயிருந்தது. ஆனால் துவண்டு கிடக்கவில்லை. தொட்டாலே வீறிட்டு அழுதது, டம்ளரைக் கண்டால் தாவியது. "நேத்திலிருந்து ஓஆர்எஸ் குடுத்துட்டுத்தான் சார் இருக்கேன்" என்றார் அம்மா. பையிலிருந்து பாக்கெட்டை எடுத்துக் காட்டினார். வாயைச் சுருட்டி, ஊக்கு குத்தி, பத்திரமாக வைத்திருந்தார். ஒவ்வொரு முறையும் பால்புட்டித் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் பொடி. "வீணாப் போகக்கூடாதுன்னு பாத்துப் பாத்துக் கலக்கினா" என்று ஆயா மகளுக்குப் பரிந்து பேசினார்.

அந்தப் பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. சுமார் 21 கிராம். ஸ்பூனில் அள்ளிக் கலக்கினால் அளவு தப்பாமல் இருக்காது. தண்ணீர் குறைந்து உப்பு ஏறினால், ரத்தத்திலும் உப்பு ஏறும். குழந்தைக்குத் தாகம் அடங்காது, வலிப்புகூட வரலாம். ஏறிய உப்பை அவசரப்பட்டு இறக்கவும் முடியாது. வேகமாக இறக்கினால் மூளை வீங்கும். அந்தப் பாப்பாவுக்கு இரண்டு நாள் ஆனது. அந்த அம்மாவைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. பொடி கொடுத்தவர்கள் எப்படிக் கலக்குவது என்று சொல்லவே இல்லையாம்.

பஸ் ஸ்டாண்டில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் வாங்குங்கள். பாக்கெட் முழுவதையும் அதில் கொட்டிக் குலுக்குங்கள், அவ்வளவுதான். 200 மில்லி தண்ணீருக்கான சிறிய பாக்கெட்டும் உண்டு. எது என்று அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள். கலக்கியதை 24 மணி நேரத்துக்குமேல் வைக்காதீர்கள், மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள், வீண் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு முறை வயிற்றால் போனபிறகும், இரண்டு வயதுக்குள் என்றால் 50 முதல் 100 மில்லி, ஸ்பூனில். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மறுபடி மெதுவாக. தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. ஆறு மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு எவ்வளவு வெயிலானாலும் தாய்ப்பால் போதும், தனியாகத் தண்ணீர் வேண்டியதில்லை.

டெட்ரா பேக்கில் வரும் இனிப்பு பானத்தை ஓஆர்எஸ் என்று நம்பி வாங்கியவர்கள் ஏராளம். சர்க்கரை மிகுந்த பானம் வயிற்றுப்போக்கை இன்னும் கூட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானங்களின் பெயரில் ஓஆர்எஸ் என்று போடக்கூடாது என 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே உத்தரவிட்டது.

அப்புறம் பரிசல். லைஃப் ஜாக்கெட் போட்டால் போதுமே என்பீர்கள். பெரியவர்கள் சைஸ் ஜாக்கெட் சின்னக் குழந்தைக்கு உதவாது; தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மேலே நிற்கும், குழந்தை கீழே நழுவிவிடும். உடம்போடு பொருந்தும் ஜாக்கெட் கிடைக்காவிட்டால் ஒருவர் குழந்தையோடு கரையில் இருங்கள். எண்ணெய் மசாஜ் பெரியவர்களோடு நிற்கட்டும். கைக்குழந்தையின் மூக்கிலோ வாயிலோ எண்ணெய் விடுவது நுரையீரலைக் கெடுக்கும்.

காரில் போகிறவர்களுக்கு ஒன்று. முன் சீட்டில் மடியில் வைத்துக்கொண்டு தொப்பூர் கணவாய் இறங்குவதை நான் வாராவாரம் பார்க்கிறேன். திடீர் பிரேக்கில் எந்தக் கையும் குழந்தையைப் பிடித்து நிறுத்தாது. 14 வயதுக்குள் உள்ளவர்களை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் கூட்டிப்போனால் அபராதம் 1,000 ரூபாய். அதைவிடப் பெரிய செலவு எங்களிடம் வரும்போதுதான்.

மலத்தில் ரத்தம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, குடிக்கக்கூட முடியாத மயக்கம், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் திங்கட்கிழமை வரை காத்திருக்காதீர்கள். பென்னாகரத்திலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது; தர்மபுரி வரை இழுத்துக்கொண்டு வரவேண்டாம்.